மகளிர்க்கென ஒரு பல்கலைக்கழகம்



சென்ற கோடையில் ஒரு நாள், சித்தூர் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே நாம் அமர்ந்திருந்தபோது, பங்காருபாளையத்துத் தமிழன்பர் ஒருவர் தம் மகளுடன் வந்து நின்றார். அவ்வூரில் ரயில் நிலையம் இல்லை. ஆதலால் பேருந்தில் வந்திருந்தார். மாங்கூழ் ஆலை ஒன்றில் வேலை. காட்பாடிக்கு இரண்டு சீட்டுகள் கேட்டார்.

“ஊருக்கா அண்ணே?” என்றோம்.

“ஆம் தம்பி. பாப்பா எட்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். இனி நான்கு ஆண்டுகள் பாட்டி வீட்டிலிருந்து தமிழில் படிக்கட்டும். பன்னிரண்டு முடித்ததும் திருப்பதி மகளிர் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கம் படிக்க வைப்பேன்” என்றார்.

அவருடைய தமிழ்ப்பற்று போற்றுதற்குரியது. ஆயினும் அத்திட்டத்தில் ஒரு பெரும் பள்ளம் இருந்தது. “அண்ணே, சீட்டை அடுத்த வண்டிக்கு வாங்கலாம், சற்றே அந்தப் பலகையில் அமருங்கள்” என்று வேண்டிக்கொண்டோம். அவரிடம் கூறியதையே இம்மாதம் எல்லாக் குடும்பங்களுக்கும் கூற விழைகிறோம்.

முதலில் அப்பல்கலைக்கழகத்தின் வரலாறு. பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் என்னும் எண்ணம் நம் நாட்டில் 1916-இல் புனே நகரில் கார்வே அவர்களால் உருப்பெற்றது. திருப்பதிக்கு அது வர மேலும் 67 ஆண்டுகள் ஆயின. 1983 சனவரியில் ஆந்திர முதலமைச்சராகப் பதவியேற்ற என். டி. ராமாராவ் அவர்கள், சில திங்களுக்குள்ளேயே அதற்கு வழிசெய்தார். ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகச் சட்டம் அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருச்சானூர்த் தாயாரின் பெயரே அதற்குச் சூட்டப்பெற்றது. பத்துப் புலங்கள், 300 மாணவியர், 20 ஆசிரியர்கள், இதுவே தொடக்கம். அடுத்த ஆண்டு, 1984-இல், நம் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது.

பெண்களுக்குத் தொழிலும் தலைமையும் கைவர வேண்டும் என்பதே திருப்பதிக் கழகத்தின் நோக்கம். கணினி இயல், மருந்தாக்கம், பொறியியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி, இதழியல், மனையியல், இசை ஆகியவை அங்குக் கற்பிக்கப்பெறுகின்றன. பட்டுப்புழு வளர்ப்புக்கும் ஒரு துறை உண்டு. பங்காருபாளையத்தைத் தாண்டிப் பலமநேர் செல்வோர் சாலையோரத்தில் முசுக்கொட்டைத் தோட்டங்களைக் கண்டிருப்பர். அத்தோட்டத்து உழைப்பாளியின் மகள் அதே தொழிலைப் பட்டப்படிப்பாகக் கற்க இயலும் என்பது சிறு செய்தியன்று.

வளாகம் 138 ஏக்கருக்கு மேற்பட்டது. மாணவியர் விடுதிகள், மைய நூலகம், மருத்துவ நிலையம், வேலைவாய்ப்புக்கு வழிகாட்டும் பிரிவு ஆகியவை உள்ளேயே அமைந்துள்ளன. விடுதியும் மருத்துவமும் வளாகத்துக்குள் இருப்பது, மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் தாயாருக்கு ஆறுதல் தரும். வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் இம்மாநிலத்தில் உண்டு. ஆட்சிக்கு ஆட்சி அதன் பெயரும் முறையும் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இம்மாநிலக் கல்லூரிகளில் 100 இடங்களுக்கு 85 இடங்கள் உள்ளூர் மாணவர்க்கு உரியன. உள்ளூர் மாணவர் என்பதற்குத் தாய்மொழி அளவுகோலன்று. பிறந்த ஊரும் அன்று. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகளை இடைவிடாது இங்குப் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. பன்னிரண்டாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட படிப்புகளுக்கு ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவையே அந்த நான்கு ஆண்டுகள். நம் அன்பர் மகளை வெளியே அனுப்ப எண்ணியதும் சரியாக அதே நான்கு ஆண்டுகளே!

அவ்வாறு சென்று திரும்பும் பெண், இங்கேயே வளர்ந்தவளாயினும், உள்ளூர் இடங்களுக்கு உரியவள் ஆகாள். பெற்றோருள் ஒருவர் இம்மாநிலத்தில் மொத்தம் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தால், எஞ்சிய 15 இடங்களுக்குப் போட்டியிடலாம். ஆகவே கதவு முற்றும் அடைபடாது. ஆனால் அகலக் கதவை விட்டு இடுக்கு வழியே நுழைய வேண்டியதாகும். இருபது ஆண்டுகள் இங்கு உழைத்த தந்தை, தாமறியாமலே தம் மகளின் உரிமையைக் காட்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பலாமா?

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் தமிழ்?” என்றார். அதற்கு எம்மிடம் எளிய விடை இல்லை. வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் தாயோ தந்தையோ உடனிருந்து படிப்பித்தல் ஒன்றே நாமறிந்த வழி; எம் வீட்டிலும் அதுவே நடைபெறுகிறது. களைத்து வந்த மாலையில் அது கடினந்தான். ஆயினும் பட்டத்தையும் தாய்மொழியையும் ஒருங்கே காக்க அந்த அரைமணி நேரம் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் இவ்விதியை நினைவிற்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டின் படிப்புச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்பர் அன்று காட்பாடிக்குச் சீட்டு வாங்கத்தான் செய்தார். போக மட்டுமன்று, திரும்பி வரவும் சேர்த்தே கேட்டார். “விடுமுறைக்குப் பாட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம், மாமா” என்று அந்தச் சிறுமி முந்திக்கொண்டு சொன்னாள்.