வாயிலில் ஒப்படைக்கும் கைபேசி

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியைத் தேக்கி நிற்கிறது ஆனைக்குட்டம் அணை. அவ்வட்டாரத்துச் சாலைகளில் ஒரு நாள் காலை வேளையில் நீங்கள் செல்ல நேர்ந்தால், பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் உங்களைக் கடந்து போகும். உள்ளே இருப்போரில் பலர் பெண்கள். மடியில் தூக்குச்சட்டி, கையில் கைபேசி. பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டானா, மாமியார் மாத்திரை விழுங்கினாரா, தண்ணீர் வந்ததா என்று வேன் நிற்கும் வரை பேச்சு ஓயாது. ஆலை வாயிலை அடைந்ததும் அத்தனை பேச்சும் அடங்கிவிடும். கைபேசியை அங்கே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்பவர், மாலையில் வெளியே வரும்போதுதான் அதை மறுபடி காண்பார்.

இது நியாயமா? இந்நாளில் வங்கி முதல் துணிக்கடை வரை, பணியாளரின் கைபேசிக்கு முதலாளிமார் விதிக்கும் கட்டுப்பாடு எங்கும் பேச்சாகியிருக்கிறது. ஆயினும், இக்கேள்வியை எடைபோடுவதற்குப் பட்டாசு ஆலையின் வாயிலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

முதலில் ஆலையின் பக்கம் நின்று பார்ப்போம். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் 2008-இல் வகுக்கப்பட்ட விதிகளும், தீயையோ பொறியையோ உண்டாக்கவல்ல எதுவும் வெடிமருந்து இருக்கும் வளாகத்துக்குள் நுழையலாகாது என்பதை அடிப்படையாகக் கொண்டவை. தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்ற சிவகாசியின் பட்டாசு ஆலைக்குள் ஒரு தீப்பெட்டி நுழைய இயலாது! பீடிக்கும் அதே கதிதான். நைலான் சேலை உடுத்தி வருவதும் ஆகாது. பருத்தி ஆடையே வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம் மருந்துக் கலவையைப் பற்றவைக்கப் போதுமானது என்பதே காரணம். அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கலவைக்கு ஒரு சிறு உராய்வே பெருந்தீயாகிவிடும்.

இத்தகைய இடத்தில் கைபேசி என்ன செய்யும்? அதன் வயிற்றில் இருப்பது லித்தியம் மின்கலம். நசுங்கினாலோ அளவுக்கு மீறிச் சூடேறினாலோ அது தானே தீப்பிடிக்கக் கூடியது. நம் பைகளில் கிடக்கும் சாதாரணக் கைபேசிகள், வெடிமருந்து நடுவே இயக்குவதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. இவற்றைவிட நான் அஞ்சுவது வேறொன்று. மணி மருந்து நிரப்பிக்கொண்டிருப்பவரின் இடுப்பில் கைபேசி திடுமென அதிர்ந்தால் அவர் கை ஒரு கணம் நடுங்காதா? கவனம் ஒரு கணம் சிதறாதா? அந்த ஒரு கணமே போதும். ஆகவே தடை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொழிலாளரும் இதை மறுப்பதில்லை. தம் உயிரின் அருமை அவர்களுக்குத் தெரியாததன்று.

அப்படியானால் பிரச்சினை எங்கே? தடை யாருக்கு என்பதில் இருக்கிறது. தடைக்கு ஈடாக என்ன தரப்படுகிறது என்பதில் இருக்கிறது.

போர்மேனும் கணக்கப்பிள்ளையும் கைபேசியைக் காதில் வைத்தபடி மருந்து அறைகளின் ஓரமாக நடப்பாராயின், சரக்கு வாங்க வந்த வியாபாரி பேன்சி ரகங்களைப் படம் பிடித்துக்கொண்டு நிற்பாராயின், அங்கே இருப்பது பாதுகாப்பு விதியா, கூலியாளுக்கு மட்டும் போட்ட விலங்கா? மின்பொறிக்கு முதலாளி என்றும் தொழிலாளி என்றும் வேற்றுமை தெரியாதே!

அடுத்து, நமக்கு நன்கு பழக்கமான ஒரு சொல்லை இங்கே நினைவூட்டுகிறேன்: அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பழுதின்றிக் காத்துத் திருப்பித் தருவது கடமை என்பதை எச்சமயத்தவரும் ஒப்புவர். வாயிலில் பெற்றுக்கொண்ட கைபேசியும் அமானிதமே. ஆனால் அங்கே ஒப்படைக்கப்படுவது ஒரு கருவி மட்டுந்தானா? அந்தக் கருவியின் வழியே வரவிருந்த செய்தியையும் சேர்த்தல்லவா ஆலை பொறுப்பேற்கிறது! முற்பகல் பதினொரு மணிக்குப் பள்ளியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் காண்கிறது என்று வையுங்கள். ஆசிரியை தாயின் எண்ணுக்கு அழைக்கிறார். அந்தக் கைபேசி காவலாளி அறையின் பலகைமேல், நாற்பது ஐம்பது கைபேசிகளுக்கு நடுவே கிடந்து ஒலிக்கிறது. யாருடையது என்று யார் பார்ப்பது? மாலை ஐந்து மணிக்குத் தவறிய அழைப்புகளை எண்ணிப் பார்க்கும் தாயின் மனநிலையைச் சிந்தித்துப் பாருங்கள்.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. வாயிலருகே அலுவலகத்தில் ஒரு தொலைபேசி. அதன் எண் ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிலும் பிள்ளையின் பள்ளியிலும். வரும் செய்தியை அறைக்குக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் ஆள். கைபேசி இல்லாத காலத்தில் ஆலைகள் இப்படித்தானே நடந்தன?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் ஏறத்தாழ இதையே சொல்லிற்று. 2022 மார்ச் மாதம், திருச்சியில் சுகாதாரத் துறையின் வாகனப் பணிமனை ஒன்றில் உடன் பணிபுரிந்தோரைக் கைபேசியில் படம் பிடித்ததாக இடைநீக்கம் செய்யப்பட்ட ஊழியர் ஒருவரின் வழக்கு அங்கே வந்தது. நீதிபதி எஸ். எம். சுப்பிரமணியம், அலுவல் நேரத்தில் அரசு ஊழியர் சொந்த வேலைக்காகக் கைபேசியைப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாகாது என்றும், இதற்கு அரசு விதிமுறை வகுக்க வேண்டும் என்றும் பணித்தார். அவசர அழைப்பு வந்தாலோ? மேலதிகாரியின் இசைவு பெற்று வெளியே சென்று பேசலாம் என்ற வழியையும் அவர் அடைத்துவிடவில்லை. கோப்புக்கு நடுவே இருக்கும் ஊழியருக்குக் கிடைக்கும் அந்த வழி, வெடிமருந்துக்கு நடுவே இருக்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா?

இன்னொன்றையும் மறைப்பானேன்? கைபேசிக்குள் ஒரு கண்ணும் இருக்கிறது. அறைக்கு நால்வர் என்றால் எட்டுப் பேரை அமர்த்துவதும், வெயிலுக்கு அஞ்சி மரத்தடியில் வேலை வாங்குவதும், உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விட்டுவிடுவதும் அவ்வட்டாரத்தில் பலமுறை வெளிவந்த முறைகேடுகள். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது குத்தகைச் சங்கதி நாடறியப் பேசப்பட்டது. நெறியாய் நடக்கும் ஆலைக்காரர் படத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பொறிக்கு அஞ்சியே அவர் கைபேசியைத் தடுக்கிறார். படத்துக்கு அஞ்சித் தடுப்பவரும் உண்டு. இருவரையும் பிரித்தறியும் வழி எளிது. முதலாமவரின் வாயிலில், புகார் சொல்ல வேண்டிய அதிகாரிகளின் எண்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும்.

இதே மாவட்டத்தின் நூற்பாலைகளையும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றின் விடுதிகளில் தங்கிய இளம்பெண்களுக்கு, வேலை முடிந்த பின்னரும் கைபேசி மறுக்கப்பட்டதை ஆய்வறிக்கைகள் எடுத்துரைத்துள்ளன. ஓடும் இயந்திரத்தருகே கைபேசி கூடாது என்பது சரி. இரவில், விடுதிக் கட்டிலில் அமர்ந்து தாயோடு பேசவும் கூடாது என்றால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட எந்த மொழியிலும் இடமில்லை.

மறுபடி பட்டாசு ஆலைக்கே வருவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாளை அவ்வட்டாரம் மறக்கவில்லை. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் தீ எழுந்தபோது சுற்றுப்புறத்தார் உதவிக்கும் வேடிக்கைக்குமாக ஓடினர். அடுத்து எழுந்த பெருவெடிப்பில் அவர்களிலும் பலர் சிக்கினர். மாண்டோர் முப்பதுக்கு மேல். இன்று அப்படி ஒரு புகை எழுந்தால் எத்தனை கைகள் கைபேசியை உயர்த்திக்கொண்டு ஓடும் என்று எண்ணும்போதே நெஞ்சம் பதறுகிறது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் தடை, அந்நேரத்தில் வாயிலுக்கு வெளியேயும் வேண்டும்.

அந்நேரத்தில் உள்ளே இருந்தவர் யார், எந்த அறையில் இருந்தார் என்பதைச் சொல்வது யார்? 2023 அக்டோபர் 17-ஆம் நாள் ரெங்கபாளையத்தில், 2024 மே மாதம் செங்கமலப்பட்டியில், 2025 ஜூலை முதல் நாள் சின்னகாமன்பட்டியில் உயிர்கள் பலியாயின. இப்படிப்பட்ட நாளில் செய்தி கேட்ட உறவினர் முதலில் செய்வது கைபேசிக்கு அழைப்பதே. பிழைத்தவர் எடுக்க முடியாது. மாண்டவரும் எடுக்க முடியாது. இருவரின் கைபேசியும் ஒரே பலகைமேல் ஒன்றுபோல் ஒலித்துக்கொண்டிருக்கும்! ஆகையால் கைபேசியைப் பெற்றுக்கொள்ளும் ஆலை, காலையில் உள்ளே சென்றவரின் பெயரையும் அவருக்குரிய அறையின் எண்ணையும் அன்றாடம் எழுதி, அந்த ஏட்டை மருந்து அறைகளுக்கு எட்டாத தொலைவில் வாயிலிலேயே வைத்திருக்க வேண்டும். ஏட்டில் வரையறுத்த தொகைக்கு மேல் பெயர் இருந்தால் அகப்பட்டுக்கொள்வோமே என்று தயங்கும் ஆலைக்காரர், வேலைக்கு வந்த பெண்ணிடம் கைபேசியைக் கேட்டு நீட்டுவதற்கு எந்த உரிமையோடு கையை நீட்டுகிறார்?