தூர்க்க வந்த கைகளே தூர்வாரிய கதை



ஜப்பான் நாட்டுக் கியூஷு தீவிலே யனகாவா என்றோர் ஊர். ஃபுகுவோக்கா மாநகரில் காலையில் புகைவண்டி ஏறினால், ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரலாம். ஊரெங்கும் கால்வாய்! நீண்ட கழியை ஊன்றி ஓடக்காரர் படகைச் செலுத்த, தாழ்ந்த பாலங்களின் அடியிலே தலை குனிந்து, மர நிழலிலே மிதந்து செல்லலாம். நண்பகலில், சோற்றின்மீது விலாங்கு மீனை வைத்து ஆவியில் வேகவைத்த உணவு. கவிஞர் கித்தஹாரா ஹகுஷு வளர்ந்த மண் அது. மாலையில் திரும்பிவிடலாம்.

சென்று வந்தோர் செப்புவது என்ன? "ஆகா! என்னே தூய்மை! ஜப்பானியர் பிறவியிலேயே ஒழுங்குடையோர். நம்மவருக்கு அது வருமா?" என்கின்றனர்.

பிறவியிலேயே! இந்த ஒரு சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். அது பொய், வெறும் பொய்யன்று, நஞ்சு தடவிய பொய். பிறவியில் வந்தது என்றால் உழைப்பு எதற்கு? இல்லாதவன் ஏங்கிக் கிடக்க வேண்டியதுதானே! மக்களை மயக்கிப் படுக்க வைக்க இதைவிடச் சிறந்த தாலாட்டு உண்டோ?

யனகாவாவின் உண்மை வரலாற்றைக் கேளுங்கள்.

அரியாக்கே கடலையொட்டிய தாழ்நிலம் அது. அக்கடலின் உட்பகுதியில் ஓதம் ஏறி இறங்கும் அளவு 6 மீட்டர் வரை எட்டும். மழை பெய்தால் நீர் வடிவதற்கு வழியில்லை; மழை பொய்த்தால் பயிருக்கு நீரில்லை. ஆகவே முன்னோர் மண்ணை வெட்டினர், மழையைத் தேக்கினர். பழைய நகராட்சி எல்லைக்குள் மட்டும் கால்வாய்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 470 கிலோமீட்டர்! வயலுக்கு நீர் அதிலே. வெள்ளத்திற்கு வடிகால் அதிலே. வீட்டாரின் குடிநீரும் அதிலேதான்.

பின்னர்க் குழாய்நீர் வந்தது, கால்வாய் மறந்துபோனது. அடுக்களைக் கழிவும், சலவைத்தூள் நுரையும், குப்பையும் அதற்குள்ளே விழுந்தன. கொட்டியவர் யார்? வெளிநாட்டாரா? இல்லை. "பிறவியிலேயே தூய்மையானவர்" என்று போற்றப்படும் அதே மக்கள்தாம்! நீர் தேங்கியது; நாற்றம் எழுந்தது; கொசு பெருகியது.

1977இல் நகராட்சி ஒரு திட்டம் தீட்டியது. உல்லாசப் படகு செல்லும் வழியை மட்டும் விட்டுவிட்டு, ஏனைய கால்வாய்களைத் தூர்ப்பது, சிமெண்டால் மூடுவது என்பது திட்டம். காட்சிக்கு ஒரு கால்வாய், மற்றவற்றுக்குக் கல்லறை!

அத்திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய கழிவுநீர்ப் பிரிவின் அலுவலர் ஹிரோமத்சு த்சுதாயே. கோப்பிலே கையெழுத்திட்டுவிட்டுச் சம்பளம் வாங்கியிருக்கலாம் அவர். மாறாக, வினா எழுப்பினார்: பெருமழை பெய்தால் அவ்வளவு நீரும் எங்கே போகும்? நிலத்தடி நீர் ஊறாவிட்டால் மண் தாழாதா? மேயரிடம் வாதாடினார். திட்டம் நிறுத்தப்பட்டது, கால்வாய்களை மீட்கும் மாற்றுத் திட்டம் பிறந்தது.

தூர்க்க எண்ணியோர் கொடியவரல்லர். நாற்றம் உண்மை, கொசு உண்மை, மக்களின் முறையீடும் உண்மை. ஆனால் நோய்க்கு மருந்து தேடாமல், நோயாளியைப் புதைப்பதா வைத்தியம்?

இனிமேல்தான், தோழர்களே, நமக்குரிய பாடம். ஹிரோமத்சு ஆணை பிறப்பித்துவிட்டு அமர்ந்துவிடவில்லை. தெருத்தெருவாகச் சென்றார், மக்களைக் கூட்டினார், கால்வாய் எதற்காக வெட்டப்பட்டது என விளக்கினார். "இது நகராட்சியின் வேலை" என்று கூறக்கூடியவர்கள் சேற்றில் இறங்கினர்; அலுவலரும் உடன் இறங்கினர். தூர்க்க வந்த நிர்வாகமே தூர்வாரியது. குப்பை கொட்டிய கைகளே குப்பையை அள்ளின! இக்கதையை இசாவோ தகஹாத்தா 1987இல் ஆவணப்படமாக்கினார். இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்வாய் நீரை வடியவிட்டுத் துப்புரவு செய்கின்றனர். தூய்மை பிறவிக் குணமாயின், ஆண்டுதோறும் சேற்றில் இறங்குவானேன்?

வட கோடியிலே ஒத்தாரு துறைமுகத்தைப் பாருங்கள். 1923இல் முடிந்த கால்வாயைத் தூர்த்துச் சாலை போட 1966இல் முடிவெடுத்தனர். காக்கும் மக்கள் இயக்கம் எழுந்தது 1973இல். ஆண்டுக்கணக்கில் போராட்டம், முடிவு, பாதி வெற்றி. 40 மீட்டர் அகலக் கால்வாயில் பாதி சாலையாயிற்று. மீதியை ஒட்டி 1986இல் நடைபாதை அமைந்தது. இன்று அந்த ஊருக்குப் பயணிகளை ஈர்ப்பது எது? பயனற்றதென்று தூர்க்க முனைந்தார்களே, அந்தக் கால்வாயின் மிச்சப் பாதி! பறிபோன பாதியோ திரும்பவில்லை. காலந்தாழ்ந்த எழுச்சிக்கு ஒத்தாரு கொடுத்த விலை அது.

ஆகவே தோழர்களே, "அவர்கள் பிறவி அப்படி" என்று எவரேனும் மேடையிலோ தேநீர்க் கடையிலோ பெருமூச்சு விட்டால், 1977ஐ நினைவூட்டுங்கள். யனகாவாவைக் காத்தது குருதியன்று, கூட்டம்! இயல்பன்று, இடைவிடாத உழைப்பு! கோப்பைக் கண்டு "ஏன்?" என்று கேட்ட ஓர் அலுவலர், கேட்டு விளங்கிக்கொண்டு சேற்றில் கால் வைத்த மக்கள்.

வீடு வீடாகச் செல்வது சிறு வேலை என்று சலித்துக்கொள்ளும் தோழர் எவரேனும் நம்மிடையே உண்டோ? ஓர் ஊர் பிழைத்தது அந்தச் சிறு வேலையால்தான்!