வல்லாளன் வாசல்



திருவண்ணாமலைக்குப் போகாதவர் உங்களில் எத்தனை பேர் இருக்க முடியும்? முழுநிலவு இரவில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்தவர் உண்டு. மாநாட்டுக்குச் சென்று, பந்தலிலேயே படுத்துறங்கி, விடியலில் கண் விழித்ததும் எதிரே நின்ற கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவரும் உண்டு. பதினொரு நிலை, 217 அடி! பார்த்தோம், வியந்தோம், பேருந்து ஏறினோம். யார் கட்டியது, எவர் காசில் கட்டியது, அன்று நாடு எந்நிலையில் இருந்தது என்று கேட்டோமா? கேட்போருக்குச் சொல்லப் புராணம் ஆயத்தமாக இருக்கிறது. வரலாறுதான் வாயிற்காவலனைப் போல வெளியே நிற்கிறது.

கும்பிடப் போகிறவர் கும்பிடட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. நாம் காணப் போவோம், வாருங்கள்.

பெரிய கோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவெய்தியது என்பர். உள்ளே நுழைந்தால் ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைக் குளம். இவையும் 1516ஆம் ஆண்டையொட்டி அம்மன்னர் பேரால் எழுந்தவை. எல்லோரும் அறிந்த செய்திதான், ஆதலால் விரைந்து நடப்போம். அடுத்து வரும் வாயிலில்தான் சற்று நிற்க வேண்டும். அளவில் சிறியது, படம் பிடிப்போர் அதிகம் திரும்பிப் பாராதது. அதன் பெயர் வல்லாள மகாராஜா கோபுரம்.

யார் இந்த வல்லாளன்? தமிழனல்லன், கன்னட நாட்டு ஹொய்சள மன்னன், மூன்றாம் வீர வல்லாளன். 1311இல் மாலிக் காபூரின் படை அவன் தலைநகராம் துவாரசமுத்திரத்தைத் தாக்கியது. பின்னர் டில்லித் துக்ளக்கின் படை வந்து அந்நகரைச் சூறையாடியது. இன்று ஹளேபீடு என்று சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் ஊர் அது. தலைநகர் இழந்த மன்னன் தளர்ந்துவிடவில்லை. திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, அங்கிருந்தே மதுரைச் சுல்தானை எதிர்த்தான். 1342இல் கண்ணனூரை முற்றுகையிட்டான். வெற்றி கைக்கெட்டிய வேளையில் இடைக்காலப் போர்நிறுத்தத்துக்கு இசைந்தான். அதுவே அவனுக்கு வினையாயிற்று. எதிர்பாராத தாக்குதலில் பிடிபட்டான், கொல்லப்பட்டான். தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் பயணநூலில் எழுதி வைத்தவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. மன்னனுக்கு அப்போது எண்பது வயது என்றும் அவர் எழுதுகிறார்.

எண்பது வயதுக் கிழவன்! அவனை அந்த ஊர் மறந்ததா? இல்லை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று, ஊரையடுத்த பள்ளிகொண்டாப்பட்டில், கோயிலின் இறைவனே வல்லாளனுக்கு மகனாக வந்து திதி கொடுப்பதாக ஒரு சடங்கு நடைபெறுகிறது. பிள்ளையில்லா மன்னனுக்குக் கடவுளே பிள்ளையானார் என்பது கதை. கதையை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் பொதிந்திருப்பது என்ன? அயலூரிலிருந்து வந்து, தன் மண்ணிலிருந்து போராடி மடிந்த ஒருவனை, ‘எங்கள் வீட்டுச் சாவு’ என்று ஓர் ஊர் ஏற்றுக்கொண்ட செய்தியன்றோ அது!

கடல்களுக்கு அப்பால் ஸ்காட்லாந்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. வில்லியம் வாலஸ் 1297இல் ஸ்டெர்லிங் பாலத்தருகே ஆங்கிலேயர் படையை முறியடித்தவன். 1305இல் இலண்டனில் அவனைக் கொன்று, தலையைப் பாலத்தின்மீது செருகி, உடலைக் கூறிட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். மதுரை மதிலும் இலண்டன் பாலமும் எவ்வளவு நெருங்கிய உறவு பாருங்கள்! அந்த வாலசுக்கு ஸ்டெர்லிங் அருகே ஒரு குன்றின்மேல் 1861இல் அடிக்கல் நாட்டி, 1869இல் திறந்த நினைவுக் கோபுரம் நிற்கிறது. உயரம் 220 அடி. நம் இராசகோபுரத்தைவிட மூன்றே அடி கூடுதல். எழுப்பியது பொதுமக்கள் தந்த நன்கொடை. அன்று ஸ்காட்லாந்துக்கெனத் தனிப் பாராளுமன்றமும் இல்லை. 1707இல் போனது 1999இல்தான் மீண்டது. (1995இல் வாலசைப் பற்றிய திரைப்படம் வந்தது, அந்த நடிகர் முகச்சாயலில் ஒரு சிலையை அடிவாரத்தில் வைத்தனர். சினங்கொண்டவர்களிடமிருந்து அதைக் கூண்டிட்டுக் காக்க வேண்டியதாயிற்று. வரலாற்றுக்கு நடிகர் முகம் பொருத்தும் வேலை நமக்கு மட்டுமே உரியதன்று.)

நன்கொடை என்றதும் நம் ஊரின் வடக்கு வாயில் நினைவுக்கு வர வேண்டும். 171 அடி உயரம். அரசன் பெயரில்லை, அமைச்சன் பெயரில்லை. அது அம்மணி அம்மாள் கோபுரம். செங்கத்தையடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண், துறவியாகி, வீடு வீடாய்ச் சென்று காசு திரட்டி எழுப்பியது அது. அவர் கொடுத்த திருநீறு கூலியாக மாறிற்று என்று கதை கட்டிவிட்டார்கள். திருநீறு காசாயிற்று என்று சொல்வதில் ஓர் இழப்பு நேர்கிறது, தோழர்களே. வெயிலில் நடந்த அந்தப் பெண்ணின் காலும், பிடி அரிசியிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுத்த குடும்பங்களின் கையும் கதையிலிருந்து காணாமற் போகின்றன. கட்சிக்கு உண்டியல் ஏந்தியவருக்குத் தெரியும், அந்தக் காசின் எடை.

கோயில் கோட்டையாகவும் இருந்தது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறம் என இவ்வூர்ப்புறத்தில் போர் நிகழ்ந்தது. கர்நாடகப் போர்களின் காலந்தொட்டுத் திப்புவின் காலம்வரை அந்த மதில்கள் பீரங்கிக்குப் பழகியவை.

இவ்வளவும் சொல்வது எதற்கு? 2002ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மத்திய அரசின் தொல்லியல் துறை அக்கோயிலைத் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. ஊர் கொதித்தது, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது, அறிவிப்பு கைவிடப்பட்டது. காப்பது வேறு, கைப்பற்றுவது வேறு என்று நாம் முழங்கினோம். சரியான முழக்கம்தான். ஆனால், ‘எங்கள் கல்’ என்று உரிமை பேசிய நம்மில் அந்தக் கல்லில் எழுதியிருப்பதைப் படித்தவர் எத்தனை பேர்? பல்லவர், சோழர் காலந்தொட்டு நாயக்கர் காலம்வரை எழுத்துக்கள் அச்சுவர்களில் நிறைந்துள்ளன. தமிழறிந்த அறிஞர் பி. ஆர். சீனிவாசன் அவற்றைத் தொகுத்தார். 1990இல் நூலாக வெளியிட்டது எது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்!

முன்பும் இப்படித்தான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்த காலின் மெக்கன்சி, தென்னாட்டு ஊர்களின் வரலாறுகளைத் திரட்டினார். ஊர் ஊராய் அலைந்து கேட்டு எழுதியவர்களோ காவலி வெங்கட போரையா, அவர் தம்பி இலட்சுமையா போன்ற நம் நாட்டவர். 1821இல் மெக்கன்சி மறைந்தார். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. தொகுப்புக்குப் பெயர் மெக்கன்சி தொகுப்பு. அலைந்தவர் பெயர் அட்டையில் இல்லை.

திருவண்ணாமலைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அங்குள்ள முதியவர்களிடம் வல்லாளனைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, திருத்தாமல், சொன்னவர் பெயரோடும் ஊரோடும் எழுதி அனுப்புங்கள். இப்பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.