கந்தூரி என்னும் விரிப்பு

சேத்தியாத்தோப்பில் சாலை பிரிகிறது. வடக்கே போனால் வடலூர். கிழக்கே சிதம்பரம் சென்று, காரைக்கால் வழியாகக் கடற்கரையோரம் இறங்கினால் நாகூர். வடலூர்த் தைப்பூசத்தைப் பற்றி இலக்கிய அன்பர்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். நாகூர்க் கந்தூரியைப் பற்றிய நம் பேச்சோ 'மத நல்லிணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் போதாது என்பதே நம் கருத்து.

உரூஸ் என்ற அரபுச் சொல்லுக்குத் திருமணம் என்று பொருள். இறைநேசர் மறைந்த நாளை அவர் இறைவனோடு இணைந்த நாளாகக் கொள்வது சூபி மரபு. கந்தூரி பாரசீகச் சொல். உணவு பரிமாற விரிக்கும் துணியைக் குறித்தது, பிறகு விருந்தையும் விழாவையும் குறிக்கலாயிற்று. இதை வடலூரோடு வைத்துப் பாருங்கள். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டதை அவருடைய அன்பர்கள் மரணம் என்பதில்லை. 1867இல் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நாம் வாதிடவில்லை. மறைவை இணைவாகக் காண்பதும் அதைச் சோறிட்டு நினைவுகூர்வதும் இரண்டிடத்துக்கும் பொது என்கிறோம்.

ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையில் கொடியேறி 14 நாள் நடப்பது நாகூர்க் கந்தூரி. சந்திரக் கணக்கானதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் தமிழ் மாதங்கள் அனைத்தையும் தொட்டுவிடுகிறது. அங்குள்ள 131 அடிப் பெரிய மனாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பியது. கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் ஆண்டவர் பெயரிலேயே நினைவிடம் கட்டினர்.

இன்று கந்தூரி மார்க்கத்துக்குப் புறம்பு என்று சீர்திருத்தவாதிகள் சொல்கிறார்கள். பிற சமயத்தவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவரும் உண்டு. மார்க்கத் தீர்ப்பு வழங்க நாம் யாருமில்லை. ஆனால் விழா ஒடுங்கினால் தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்களின் பாட்டும் ஒடுங்கும் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

இதில் நம் பங்கும் உண்டு. சேகனாப் புலவரின் 'திருக்காரணப் புராணம்', குலாம் காதிறு நாவலரின் 'நாகூர்ப் புராணம்' இரண்டையும் 'இஸ்லாமியத் தமிழ்' என்ற தனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். அருட்பாவைச் சைவர் மட்டுமா படிக்கிறோம்? கந்தூரிக்குப் போகிறவர்கள் போகட்டும். போகாதவர்கள் அலமாரியையாவது திறக்கலாம். விரித்த துணியில் நமக்கும் இடம் இருக்கிறது.