ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுங்கள்

நம் இதழுக்கு வரும் காலத் தருக்க நிரூபணங்களில் பல, ஒரே மாதிரி தொடங்குகின்றன. முடிவில்லாத நிலைத்தொடர் ஒன்றை எடுத்துக்கொள், அதில் ஓரிடத்தைக் குறி, அதற்குப் பிந்திய இடங்களைப் பார். 1977இல் அமிர் ப்னுவேலி இந்தத் தருக்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தபோது பொருள்விளக்கம் இப்படித்தான் அமைந்தது. அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு தேற்றத்துக்கும் அங்கேயே திரும்பிப் போவது, வாய்பாடு தெரிந்த பின்னும் விரல்விட்டு எண்ணுவதைப் போன்றது.

இதற்கு மாற்று உண்டு: ஒரு வரி, அதன்கீழ் காரணம், பிறகு அதற்குச் சமமான அடுத்த வரி. டைக்ஸ்ட்ராவும் ஷோல்டனும் 1990இல் நூலாகத் தந்த இந்தக் கணக்கீட்டு நடையை கிரீஸ், ஷ்னைடர் இருவரின் 1993ஆம் ஆண்டுப் பாடநூல் வகுப்பறைக்குக் கொண்டுசென்றது. வார்ஃபர்டு, வேகா, ஸ்டேலி மூவரும் 2020இல் நேரியல் காலத் தருக்கத்துக்கே இந்த நடையில் ஒரு முறைமையை வகுத்தார்கள்.

எடுத்துக்காட்டாக, 'என்றும் என்றேனும்' என்ற காலச் செயலி இணை 'அல்லது' மீது பங்கிடப்படும். இந்தத் தேற்றம் கையில் இருந்தால், இருபுறமும் மறுப்பிட்டு, இருமை விதியையும் டி மார்கன் விதியையும் போட்டால் போதும். 'என்றேனும் என்றும்' 'மற்றும்' மீது பங்கிடப்படும் என்பது சில வரிகளில் வந்துவிடுகிறது. நிலைத்தொடரைத் தொடவே வேண்டாம். ஆனால் 'என்றும் என்றேனும்' 'மற்றும்' மீது பங்கிடப்படாது. சாலைச் சந்திப்பில் வடக்கு விளக்கும் கிழக்கு விளக்கும் மீண்டும் மீண்டும் பச்சையாகும். இரண்டும் ஒரே நேரத்தில் பச்சையாகக் கூடாது.

பழகியவர்களும் வழுக்கும் இடம் வேறு. 'ப'வும் 'ம'வும் சமம் என்று எடுகோளாக வைத்துக்கொண்டு, 'அடுத்து ப' என்ற வரியை 'அடுத்து ம' என மாற்றிவிடுகிறார்கள். இன்று சமமாக இருப்பவை நாளையும் சமமாக இருக்கும் என்று யார் சொன்னது? காலச் செயலிக்கு உள்ளே பதிலிட, அந்தச் சமன்பாடு தேற்றமாக இருக்க வேண்டும். இல்லையேல் எடுகோளிலேயே அதன்முன் 'என்றும்' இருக்க வேண்டும். 'ப' தேற்றமானால் 'என்றும் ப' தேற்றம். 'ப எனில் என்றும் ப' தேற்றமன்று. இந்த வேறுபாட்டை நிலைத்தொடர்ப் படம் மறைத்துவிடும். காரணத்தை எழுதினால் அது கண்ணில் பட்டே தீரும்.

அடுத்த இதழுக்கு எழுதும் நண்பர்களே, ஒவ்வொரு பதிலீட்டின் அருகிலும் அதற்கு ஆதாரம் தேற்றமா எடுகோளா என்று குறித்து அனுப்புங்கள்.