தண்ணீர் யாருக்கு இலவசம்?



"குடிசைக்காரர்களுக்கு எல்லாமே ஓசியில் வேண்டும்" என்று மும்பை மாடி வீட்டுக் கனவான்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் படித்த பொருளாதாரப் பாடத்தையே புரட்டிப் பார்ப்போம்.

எல்லாரும் வேண்டியமட்டும் எடுத்தாலும் பற்றாக்குறை வராதது, பெறுவதற்கு எவருடைய உழைப்பும் செலவாகாதது எதுவோ அதுவே இலவசப் பண்டம். காற்றும் வெயிலும் உதாரணம். ரேஷனில் காசில்லாமல் போடும் அரிசி இலவசப் பண்டமாகாது. உழவன் வியர்வையும் மக்கள் வரிப்பணமும் அதில் இருக்கின்றன.

குழாய்த் தண்ணீரும் அப்படியே. தாணே மாவட்டத்து தான்சா, பாத்சா ஏரிகளில் அணை கட்டித் தேக்கி, குழாய் பதித்து, சுத்தம் செய்து கொண்டுவருகிறார்கள். செலவில்லை என்று நாம் சொன்னோமா?

1992-இல் டப்ளினில் கூடிய உலக நிபுணர்கள் தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதவேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். கட்டுப்படியாகும் விலையில் சுத்தமான நீர் பெறுவது எல்லா மனிதருக்கும் அடிப்படை உரிமை, அதை முதலில் ஏற்கவேண்டும் என்றும் அங்கேயே எழுதினார்கள். முன்பாதியை முழங்குகிறவர்கள் பின்பாதியை ஏன் விழுங்குகிறார்கள்?

நாம் கேட்டது குழாய், மீட்டர், பில். 2000 ஜனவரி 1-க்குப் பின் எழுந்த குடிசை என்று மறுத்தார்கள். அதனால் தாகம் நின்றதா? குடத்துக்கு இவ்வளவு என்று வியாபாரியிடம் அழுகிறோம். லிட்டர் கணக்கில் பார்த்தால், மாடி வீட்டார் கட்டுவதைப்போலப் பல மடங்கு!

குடிசை சட்டவிரோதமானாலும் அதில் வாழ்பவருக்குத் தண்ணீர் மறுக்கக்கூடாது, அது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் 'அனைவருக்கும் தண்ணீர்' என்ற கொள்கையை மாநகராட்சி அறிவித்தது. கொள்கை வந்தது, குழாய் வராத சந்துகள் இன்னும் இருக்கின்றன.

இந்நகரில் இலவசப் பண்டமாக நடத்தப்படுவது ஒன்றே ஒன்றுதான்: நம் தாய்மார்களின் நேரம்! விடியுமுன் குடத்தோடு நிற்கும் பொழுது, அதனால் போன அரைநாள் கூலி, பள்ளிக்கூடம் தவறிய பெண்பிள்ளை - இவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எடுக்க எடுக்கக் குறையாது என்று நினைக்கிறார்கள் போலும். குறைகிறது ஐயா, ஆயுள் குறைகிறது!

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தண்ணீருக்குக் கொடுத்த காசையும் காத்துநின்ற நேரத்தையும் ஒரு மாதம் எழுதுங்கள். சந்து சந்தாகக் கூட்டி, அந்தக் கணக்கோடு வார்டு ஆபீஸுக்குப் போவோம். ஓசி வாங்கியது யார் என்று அங்கே பேசிக்கொள்ளலாம்.