அரங்கேறாத வண்டிகள்

நூல் இயற்றுதல் வேறு. அதனை அவை ஏற்கச் செய்தல் வேறு. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டாரல்லர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. இயற்றியவர் ஒருவர்; கேட்டு ஆராய்ந்தவர் மற்றொருவர். தான் செய்ததன் குற்றம் தன் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது என்பதனை அறிந்தே பெரியோர் இவ்வழக்கத்தைப் போற்றினர். அரங்கேற்றம் என்பது மாலையும் மரியாதையும் பெறும் விழா மாத்திரமன்று. பிறர் கையிற் பொருளை ஒப்படைக்குமுன் நிகழவேண்டிய சோதனையுமாகும்.

இலக்கியப் பகுதியிலே பஸ் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்த தமிழ்ப் பண்டிதனைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் ஏடு எத்துணை அணுக்கமானதோ, அவர்களைப் பள்ளிக்குக் கொணரும் வண்டியும் அத்துணை அணுக்கமானது. கம்பளையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் திகனையிலிருந்தும் விடியற்காலையிற் புறப்பட்டுக் கண்டி நகருக்கு வந்து கற்கும் பிள்ளைகள் பலர். மலைச்சரிவிலே அவர்கள் தம் உயிரை ஒப்படைப்பது ஓர் இரும்புக் கூட்டினிடம். அக்கூடு பழையதாயின் நாம் அஞ்சுகின்றோம்; புதியதாயின் அச்சம் நீங்கி அமர்கின்றோம். புதியது என்பதனாலேயே ஒரு பொருள் செம்மையானது என்று கொள்ளலாமோ என்பதே ஈண்டு நான் எழுப்பும் வினா.

1958ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, வண்டியை வாங்குவோரும் ஓட்டுவோரும் பழுதுபார்ப்போரும் ஒரே சபையினராயினர். குற்றம் எங்கிருப்பினும் கேட்பதற்கு ஒரு வாயில் இருந்தது. 1979இல் தனியார் பஸ் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதன்பின் ஒரு வண்டியும் இரு வண்டியும் உடைய சிறு உரிமையாளர் பெருகினர். இன்று அவர்கள் வாங்கும் புதிய வண்டிகளிற் பல ஒரே கூரையின்கீழ்ப் பிறப்பனவல்ல. இயந்திரமும் சில்லுகளும் பிரேக்கும் பொருந்திய அடிச்சட்டம் ஒரு நிறுவனத்திலிருந்து வருகின்றது. தொழிலாளர் அதனைச் ‘சசி’ என்பர். அதன்மீது தூணும் கூரையும் இருக்கையும் கண்ணாடியும் அமைத்துப் ‘பொடி’ கட்டுவது வேறொரு வேலைத்தலம். பணம் கொடுப்பது லீசிங் நிறுவனம்.

இலக்கணத்திலே புணர்ச்சி என்பதொன்று உண்டு. நிலைமொழி குற்றமற்றது, வருமொழியும் குற்றமற்றது, இரண்டும் கூடுமிடத்திலேதான் தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்கின்றன. மாணாக்கர் பிழைவிடுவதும் பெரும்பாலும் அங்கேயே. வண்டியின் நிலையும் அவ்வாறே. மேடுபள்ளத்திலே ஒரு சில்லு உயர மற்றையது தாழுங்கால் நீண்ட சசி சற்றே முறுகும். மேலிருக்கும் கூடோ அம்முறுக்கத்தை எதிர்த்து நிற்கும். இவ்விரண்டின் பகையையும் தாங்குவன இடையிலுள்ள தாங்கிகளும் போல்ட்டுகளும் வெல்டிங் ஒட்டுக்களுமே. சமநிலத்தில் ஓடும் வண்டிக்கு இது பெரிதன்று. கடுகண்ணாவை ஏற்றத்திலும், மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு என்று பெயர்பெற்ற வீதியிலும் நாள்தோறும் ஏறியிறங்கும் வண்டிக்கு இதுவே உயிர்நிலை.

அங்கே நிகழக்கூடிய குற்றங்கள் யாவை? புதிதாக இறுக்கிய போல்ட்டு முதற் சில நூறு கிலோமீற்றரில் அமர்ந்து தளர்தல் இயல்பு. ஆதலின் மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும். சில்லு நட்டுகளுக்கும் அதுவே விதி. உட்புறம் காப்புப் பூச்சில்லாத இரும்புக் குழாய் மழைநீரை வாங்கி உள்ளிருந்தே துருவேறும். வெளிவர்ணமோ ஆண்டுக்கணக்காகப் பளபளத்துக்கொண்டிருக்கும். தகட்டின் துளையூடே இறப்பர் வளையமின்றிச் செல்லும் மின்கம்பி நாளடைவில் உராய்ந்து உறை கிழிந்து தீப்பொறி கக்கும். பின்சில்லுக்கு அப்பால் கூடு அளவிறந்து நீளுமாயின், பாரம் பின்னே சாய்ந்து முன்சில்லின் பிடி குறையும். இவற்றுள் ஒன்றேனும் பயணியின் கண்ணுக்குத் தெரிவதன்று. அவன் காண்பன வண்ணவிளக்கும் மெத்தை இருக்கையும் பாட்டுப் பெட்டியுமே.

எனக்கு அறிமுகமான ஒருவர், ஓய்வுபெற்ற தம் தமையனாரின் சேமிப்பையும் மனைவியின் நகையையும் முதலாக்கி, மீதிக்கு லீசிங் பெற்றுப் புதிய பஸ் வண்டியொன்றை ஓட்டத்தில் விட்டார். முதல் மாரியிலேயே கூரையின் பொருத்து வழியே நீர் ஒழுகியது. பயணிகள் உள்ளே குடைபிடித்தனர். நான்காம் மாதம் பின்புறத் தாங்கியொன்றில் வெடிப்புக் கண்டது. சசி விற்றவரிடம் சென்றார். ‘பொடி கட்டியவரின் பிழை’ என்றனர். பொடி கட்டியவரிடம் சென்றார். ‘சசி முறுகுகின்றது, நாம் என் செய்வோம்’ என்றனர். லீசிங் நிறுவனத்தாரோ வண்டி ஓடினாலென்ன, நின்றாலென்ன, தவணை திகதி தவறலாகாது என்றனர். மூவரும் பொய் கூறினாரல்லர். தத்தம் பகுதிக்கு அவரவர் பொறுப்பேற்றனர். இரண்டும் கூடிய இடத்திற்குப் பொறுப்பேற்பார் எவருமிலர். அவர் வெடிப்பை ஒட்டுவித்துக்கொண்டு மீண்டும் ஓட்டத் தொடங்கினார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. அவ்வண்டியில் ஏறிய பிள்ளைகளுக்கோ இச்செய்தி தெரியாது.

இது நம் நாட்டுக்கே உரிய குறையன்று. செல்வம் மிக்க அமெரிக்காவிலே காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த சிறு மனை அது. அந்நாட்டு வீட்டு வண்டிகளிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் என்னும் ஊரிலும் அதன் சூழலிலும் உருவாகின்றன. அங்கும் அடிச்சட்டம் ஒருவருடையது, குளிர்ப்பெட்டி மற்றொருவருடையது, பொருத்துவது இன்னொருவர், விற்பது நான்காமவர். பெருந்தொற்றுக் காலத்தில் ஊர்சுற்றும் வேட்கை மிகுந்து, 2021இல் மட்டும் வீட்டு வண்டிகள் எல்லா வகையும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேல் தொழிற்சாலைகளை விட்டுப் புறப்பட்டன. எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறும் தொழிலாளர் விரைந்து பொருத்தினர். கூரை ஒழுக்கு, குழாய்க் கசிவு, கழன்ற திருகாணி என்னும் முறைப்பாடுகளை வாங்கினோர் அடுக்கினர். பழுதான புதுக்காரை மீளக் கொடுக்க வழிசெய்யும் சட்டங்கள் பல மாநிலங்களில் உண்டாயினும், இழுவை வீடுகளுக்கு அச்சட்டங்கள் எல்லாவிடத்தும் பொருந்துவதில்லை. ஆகவே அங்குள்ள அறிவாளி ஒருவன், வண்டியை வாங்குமுன் தொட்டியில் நீர் நிரப்பி, எல்லாக் குழாயையும் திறந்து, எரிவாயு கசிகின்றதா என்று பார்த்து, பிரேக்கைச் சோதித்து, அதன் பின்னரே கையொப்பமிடுகின்றான். விற்பவர் செய்யவேண்டிய வேலையை அவன் செய்கின்றான்.

ஒப்படைக்குமுன் வண்டியை ஆயத்தஞ் செய்தல் விற்பவரின் கடமை என்பது உலகெங்கும் அறிந்த வழக்கு. கப்பலேறி வரும் புதுக் காரின் ரயரிலே காற்று மிகுத்து அடைக்கப்பட்டிருக்கும்; அளவுக்குக் குறைத்தல் வேண்டும். சில கார்களின் சுருள்வில்லிடையே கடற்பயணத்துக்கென வைத்த கட்டைகள் இருக்கும், அகற்றுதல் வேண்டும். மாதக்கணக்கில் நின்ற பற்றரி வலுவிழந்திருக்கும், ஊட்டுதல் வேண்டும். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய ஐந்தாண்டு காத்திருந்து வாங்குவோனுக்குப் பொறுமை குறைவு. விற்போனுக்கு அவசரம் மிகுதி. இவ்விருவருக்கும் இடையிலே சோதனை சுருங்கிவிடுதல் எளிது.

நாம் செய்வது யாது? வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தி, கோயில் வாசலிற் கற்பூரம் கொளுத்தி, சில்லின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகின்றோம். நான் அதனைக் குறைகூறேன், பக்தி நன்று. ஆயினும் பழம் நசுங்கிய அச்சில்லின் நட்டை இறுக்கிப் பார்த்தவர் யார் என்று அன்று கேட்போர் அரியர்.

சட்டம் உறங்கிவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அப்பொருளை விற்பனைக்கேற்ற தரத்திற் கொடுத்தல் வேண்டும் என்கின்றது. ஆனால் வாங்குவோன் பொருளைப் பார்வையிட்டிருந்தால், அப்பார்வையிற் புலப்பட்டிருக்கவேண்டிய குற்றத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை. ‘நன்னிலையிற் பெற்றேன்’ என்று படியாமல் இடும் கையொப்பம் பின்னாளில் எத்துணை இடர் தரும் என்பதனை இதனால் உணரலாம். 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் சட்டம் பிறந்தது. பஸ் வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டப்படுகின்றது. இவையெல்லாம் இருந்தும் வண்டியின் கூடு கவிழுங்கால் தாங்குமோ என்னும் வினா தனித்து நிற்கின்றது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 66ஆம் ஒழுங்குவிதி இதற்கென்றே எழுந்தது. 800 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து வண்டியைப் பக்கவாட்டிற் கவிழ்த்து, உள்ளிருப்போர் உயிர்தப்பும் இடம் நசுங்காதிருக்கின்றதா என்று பார்ப்பது அச்சோதனை. இந்தியாவும் பஸ் கூடு கட்டுவதற்கெனத் தனி விதிக்கோவை வகுத்துள்ளது.

2025 மே 11ஆந் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கி வந்த அரச பஸ் வண்டியொன்று கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்தல் விசாரணையாளர் கடன். எவர்மீதும் பழிசுமத்த நான் முற்படவில்லை. மலைநாட்டிலே வண்டி கவிழ்தல் என்பது பரிசோதனைச் சாலைக் கற்பனையன்று என்பதனை மாத்திரம் நினைவூட்டுகின்றேன்.

இதனைப் படிக்கும் வண்டி உரிமையாளர், ‘பண்டிதரே, சோதனைக்குச் செலவு ஆகும், ஒருநாள் ஓட்டம் நின்றால் தவணையை யார் கட்டுவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொடி கட்டும் தொழிலாளரும் கைத்திறனிற் குறைந்தவரல்லர். தகட்டைத் தட்டி வளைக்கும் அவர்தம் நுட்பத்தைக் கண்டு நான் வியந்ததுண்டு. குறை அவர்தம் கையில் இல்லை. அவர் வேலையை மற்றொருவர் வந்து பார்க்கும் முறை இல்லாமையே குறை. அச்சோதனைச் செலவை வாங்குவோன் தலையிற் கட்டாமல், விற்பனை விலையின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். வெடித்த தாங்கியை ஒட்டுவதற்காக நிற்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால், இழப்பு எங்கே மிகுதி என்பது உரிமையாளருக்கே விளங்கும்.

என் கருத்துக்கள் சில. முதலாவது, வண்டியை ஒப்படைப்பவர் ஒருவரே சசிக்கும் பொடிக்கும் அவ்விரண்டின் பொருத்துக்கும் சேர்த்துக் கையொப்பமிடல் வேண்டும். இரண்டாவது, சோதிக்கவேண்டியவற்றின் பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகி, வாங்குவோன் கையில் முன்னதாகவே கொடுக்கப்படல் வேண்டும். மூன்றாவது, பயணிகளின் நிறைக்கு ஈடான மணல் மூடைகளை ஏற்றி மலைவீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்னரே லீசிங் பணம் முழுவதும் விடுவிக்கப்படல் வேண்டும். நான்காவது, முதல் 1000 கிலோமீற்றர் ஓடியபின் இலவசமாக மீண்டும் இறுக்கிக் கொடுத்தல் வேண்டும். ஐந்தாவது, பொடி கட்டியவரின் பெயரும் ஆண்டும் பொறித்த தகடு வாயிலருகே பயணிகள் காணும்படி இருத்தல் வேண்டும். ஆறுமுக நாவலர் பதிப்பு என்றவுடன் பிழையிராது என்று நாம் நம்பியது, முகப்பிலே அப்பெயர் இருந்தமையாலன்றோ? பெயரிடத் துணிபவன் வேலையிலும் கவனமாயிருப்பான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாடசாலைச் சுற்றுலாவுக்கு வண்டி பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அவசரக் கதவைத் திறந்து பாருங்கள். இருக்கையைக் கையாற் பிடித்து அசைத்துப் பாருங்கள். மாணாக்கரின் கட்டுரையிலே ஓர் ஒற்று மிகாவிடினும் சிவப்பு மையாற் சுழிக்கும் நாம், அவர்களை ஏற்றிச்செல்லும் வண்டியைப் பார்வையிடாமல் அனுப்புதல் நம் தொழிலுக்கு ஒவ்வாது.